கெம்பலென் செய்த இரு பொறிகள்

உல்ப்காங் வான் கெம்பலென் 1734-ஆம் ஆண்டு, அந்நாளில் ஹங்கேரியைச் சேர்ந்திருந்த பிரெஸ்பர்க் நகரில் பிறந்தார். அந்நகரே இன்று ஸ்லோவாக்கியாவின் தலைநகராகிய பிராட்டிஸ்லாவா. கல்வியில் சிறந்த அவர், வியன்னாவில் பேரரசி மரியா தெரசாவின் அவையில் அலுவல் பெற்றார்.

1769-இல் பிரெஞ்சு வித்தைக்காரர் ஒருவர் அவையில் காட்டிய விந்தைகளைக் கண்ட கெம்பலென், அவற்றினும் வியத்தகு பொறியைத் தாம் ஆறு திங்களில் செய்வதாகப் பேரரசியிடம் கூறினார். அவ்வாறே 1770-இல், துருக்கியர் உடையணிந்த மரப்பாவை ஒன்று பெட்டியின் பின்னமர்ந்து சதுரங்கம் ஆடிற்று! ஆட்டத்திற்குமுன் அவர் கதவுகளைத் திறந்து, மெழுகுவத்தி ஒளியில் பெட்டியின் உள்ளே காட்டுவார், பற்சக்கரங்களே தென்படும். உண்மையில், ஆட்டத்தில் வல்ல மனிதர் ஒருவர் உள்ளே ஒளிந்திருந்தார். கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்படுங்கால், அவர் நகரும் இருக்கையில் இடம் மாறிக்கொள்வார். காய்களினுள் காந்தம் இருந்தமையால், மேலே எக்காய் நகர்ந்தது என்பதை உள்ளிருந்தே அறிவார்.

இப்பாவையைக் கெம்பலென் பெரிதாக மதித்தாரல்லர். சிலகாலத்தில் அதனைப் பிரித்தும் வைத்துவிட்டார். பேரரசர் இரண்டாம் சோசப்பின் ஆணையால் மீண்டும் பூட்டி, பாரிசு, இலண்டன் முதலிய நகரங்களுக்குக் கொண்டு செல்ல நேர்ந்தது.

அவர் உள்ளம் தோய்ந்தது பேசும் பொறியிலேயாகும். அதற்காக ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உழைத்தார். துருத்தி நுரையீரலாயிற்று, நாகசுரச் சீவாளிபோல் அதிரும் மெல்லிய தகடு குரல்நாணாயிற்று, புனல் போன்ற ரப்பர்க் குழல் வாயாயிற்று. அவ்வாயை உள்ளங்கையால் மூடியும் திறந்தும் சொற்களைப் பிறப்பித்தார். இதில் மறைவு எதுவுமில்லை. பொறியின் அமைப்பு முழுவதையும் 1791-இல் நூலாகவே வெளியிட்டார். எனினும் மக்கள் சதுரங்கப் பாவையையே பேசினர். வஞ்சனைப் பொறி செய்தவரின் மெய்ப்பொறியை எவர் எளிதில் நம்புவர்?

1804-இல் கெம்பலென் வியன்னாவில் காலமானார். மால்சல் என்பார் வாங்கிய பாவை அமெரிக்கா சென்று, 1854-இல் பிலடெல்பியாவில் தீக்கிரையாயிற்று. ஆயினும் அதன் பழைய சதுரங்கப் பலகை வேறிடத்தில் இருந்து தப்பிற்று. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரக் கைவினைஞரான சான் கான் என்பார் 1984-இல் தொடங்கி, அப்பலகையைக்கொண்டே பாவையை மீண்டும் சமைத்து, 1989-இல் காட்டினார். இம்முறை உள்ளே மனிதரில்லை; கணினியே ஆடிற்று.

பேசும் பொறியோ அதற்கு நெடுநாள் முன்னரே மறுபிறப்பு எய்தியது. ஆங்கில அறிஞர் வீட்ஸ்டன், கெம்பலெனின் நூலைத் துணைக்கொண்டு அதனை மீண்டும் அமைத்தார். 1863-இல் அதனைக் கண்ட பதினாறு வயது இளைஞர் ஒருவர், வீடு திரும்பித் தம் தமையனாருடன் பேசும் தலையொன்றைச் செய்யலானார். அவர்தாம் பின்னாளில் தொலைபேசியைக் கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல்.