கல்லாய்ந்த கலாயோகி

கலாயோகி ஆனந்த குமாரசுவாமி என்றதும் எம் மாணவர் நடராச வடிவத்தையே நினைக்கின்றனர். அவர் முதலிற் கற்ற ஏடு மண் என்று வகுப்பிலே யான் கூறும்போது வியப்படைகின்றனர்.

சேர் முத்துக்குமாரசுவாமிக்கும் ஆங்கில மாதாகிய எலிசபெத்துக்கும் 1877 ஆம் ஆண்டு கொழும்பிற் பிறந்த இவர், ஈராண்டு நிரம்புமுன் தந்தையை இழந்தார், இங்கிலாந்தில் வளர்ந்தார். இலண்டனிலே புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்றுத் தேறி, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிய அளவைப் பகுதியின் பணிப்பாளராக அமர்ந்தார்.

சப்பிரகமுவையிலே, பலாங்கொடைப் பக்கத்து இரத்தினக் குழிகளில், ‘இல்லம’ எனச் சிங்கள மக்கள் வழங்கும் பருக்கைக் கற்படையைக் கூடையிலிட்டுக் கழுவுவர். அவ்வாறு கழுவியபோது கனசதுர வடிவான கரிய கற்கள் சில அடியிலே தங்கின. உருவிற் சிறியன, பாரத்திலோ நீரினும் ஒன்பது மடங்குக்கு மேற்பட்டன. 1904 இல் அவற்றை ஆராய்ந்த ஆனந்தர் யுரேனியக் கனியமென்றே முதலிற் கருதினார். இலண்டனிலே டன்ஸ்டன் என்பார் பகுத்துப் பார்த்தபோது பெரும்பங்கு தோரிய ஒட்சைட்டு எனத் தெரிந்தது. தோரியனைற்று என்னும் பெயர் அதனால் வந்தது. மறுவருடம் ஒட்டோ ஹான் என்னும் செருமானிய அறிஞர், இராம்சேயின் ஆய்வுகூடத்தில், இவ்விலங்கைக் கனியத்திலிருந்தே ரேடியோதோரியத்தைப் பிரித்தறிந்தார். அணுவைப் பிளந்த வரலாற்றில் பிற்காலத்துப் பெரும்புகழ் பெற்ற ஹான் இவரே.

அக்கற்கள் ஆங்கே தங்கியது எதனால்? மழை மிகுந்த நாட்டிலே பாறை சிதையுங்கால் சோடியமும் கல்சியமும் பொற்றாசியமும் கரைந்தோடும். யுரேனியமும் ஓரளவு கரையும். தோரியமோ எளிதிற் கரையாது. சிதையாத பாரக் கனியங்களுள் ஒடுங்கிக் கிடக்கும். வெளிப்பட்டாலும் களியையும் இரும்பு ஒட்சைட்டையும் பற்றிக்கொள்ளும். ஆதலாற் களிமண் பெரும்பாலும் வெறுமணலினும் கூடிய கதிர்த்தொழிற்பாடு உடையது. பேருவளைக் கரையிலே இது தலைகீழாகின்றது. ஆங்கு அலை இலேசான மணலை அரித்துச் செல்லத் தோரியம் பொதிந்த மொனசைற்று மணல் ஒதுங்கி நிற்கின்றது.

1906 இல் இலண்டன் பல்கலைக்கழகம் ஆனந்தருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. ஆயினும் பாறை தேடி ஊரூராய்ச் சென்றவர் கண்ணிலே கம்மாளரும் குயவரும் நெசவாளரும் பட்டனர். அவர்தம் தொழில் நலிவதும் பட்டது. பதவியை விட்டார். இடைக்காலச் சிங்களக் கலையைப் பற்றிய பெருநூலை 1908 இல் வெளியிட்டார். 1917 இற் பொஸ்ரன் நூதனசாலை அவரை அழைத்துக்கொண்டது. 1947 இல் அமெரிக்காவிலேயே மறைந்தார்.

கனியத்தை அவர் துறந்தபின்பே கலை அவரை ஆட்கொண்டது என்பார் உளர். யான் அதற்கு உடன்படேன். அப்பெருநூலிலே களிமண்ணும் உலோகமும் அரக்கும் சாயமும் எவ்வாறு கையாளப்பட்டன என்பதை அவர் விரிக்கும் பகுதிகளைப் படிப்போர், கல்லை நிறுத்துப் பார்த்த அதே கையை ஆங்கும் காண்பர்.