குற்றாலம் வந்தும் அருவியில் குளிக்காத காந்தி... தட்டு கழுவுறதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

தென்காசிப் பக்கம் யார் வந்தாலும் முதலில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: குற்றாலத்துல குளிச்சாச்சா? சீசன் நேரத்தில் மெயினருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என ஏதாவது ஒரு இடத்திலாவது தலையை நனைக்காமல் ஊர் திரும்புபவர்கள் குறைவு. ஆனால் 1934 ஜனவரியில் குற்றாலம் வரைக்கும் வந்த ஒருவர், அருவியில் குளிக்காமலேயே திரும்பிப் போனார். அவர்தான் மகாத்மா காந்தி.

உடம்புக்கு முடியாமல் போனதால் அல்ல. தாழ்த்தப்பட்ட மக்கள் மற்றவர்களைப் போல அந்த அருவியில் குளிக்க முடியாத நிலை அப்போது இருந்தது. அது தெரிந்ததும், அவர்களுக்கு இல்லாத குளியல் தனக்கும் வேண்டாம் என்று இருந்துவிட்டார்.

இது அந்த நேரத்தில் திடீர்னு தோன்றிய முடிவு இல்லை. காந்தியின் தினசரிப் பழக்கங்களில் ஒன்றைப் பார்த்தால் இதற்கான காரணம் புரியும். சாப்பிட்ட தட்டை அவரவரே கழுவ வேண்டும் என்பதுதான் அந்தப் பழக்கம். கேட்க ரொம்பச் சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் அந்தத் தட்டுக்குப் பின்னால் 50 வருஷக் கதை இருக்கிறது. பார்க்கலாம் வாங்க.

எச்சில் பாத்திரத்தில் அப்படி என்ன இருக்கு?

பாத்திரம் தேய்ப்பது இன்றைக்கு நமக்கு வெறும் வீட்டு வேலை. சிங்க், ஸ்க்ரப்பர், சோப்பு, அவ்வளவுதான். சாம்பலும் தேங்காய் நாரும், பித்தளைக்குப் புளியும் வைத்துத் தேய்த்த காலத்தில் அழுக்கு மட்டும் பிரச்சினையாக இருக்கவில்லை. எச்சில், தண்ணீர், பாத்திரம் இந்த மூன்றின் வழியாகவும் தீட்டு ஒட்டும் என்ற நம்பிக்கை பலமாக இருந்தது. மண் பாத்திரத்தில் தீட்டுப் பட்டால் தூக்கிப் போட வேண்டும், பித்தளை என்றால் தேய்த்துக் கழுவினால் போதும் என்று அதற்கு ஒரு கணக்கே இருந்தது.

அதனால் யார் சாப்பிட்ட இலையை யார் எடுப்பது, யார் குடித்த டம்ளரை யார் கழுவுவது என்பதெல்லாம் சாதி பார்த்து முடிவானது. காந்தி பிறந்ததும் அப்படி ஒரு வீட்டில்தான்.

திவான் வீட்டுப் பையன்

1869 அக்டோபர் 2-ம் தேதி போர்பந்தரில் பிறந்த காந்தியின் குடும்பம், சமஸ்தானத்தில் திவான் பதவி வகித்த குடும்பம். ராஜ்கோட்டில் அவர்கள் வீட்டுக் கழிவறையைச் சுத்தம் செய்ய ஊகா என்பவர் வருவார். அவரைத் தொட்டுவிட்டால் குளிக்க வேண்டும் என்பது வீட்டுக் கட்டளை. 12 வயதுகூட நிரம்பாத மோகன்தாஸ் பெற்றோருக்குக் கீழ்ப்படிந்து குளித்தாலும், இது எந்த விதத்தில் நியாயம் என்று அவர்களிடம் வாதாடியதாகப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

கேள்வி அப்போதே வந்துவிட்டது. ஆனால் அதற்கான பதிலைத் தன் கையால் செய்து பார்க்க இன்னும் பல வருடங்கள் ஆனது.

டர்பன் வீட்டில் நடந்த சண்டை

1898 வாக்கில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வக்கீலாக இருந்தார் காந்தி. அலுவலக எழுத்தர்கள் சிலர் அவர் வீட்டிலேயே தங்குவார்கள். அவர்களில் ஒருவர் தாழ்த்தப்பட்ட சாதிப் பெற்றோருக்குப் பிறந்த கிறிஸ்தவர். அறைகளில் இரவில் பயன்படுத்தும் சிறுநீர்ப் பானைகளை காந்தியோ கஸ்தூரிபாயோ எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். புதிதாக வந்த அந்த எழுத்தரின் பானையை எடுக்கும்போது கஸ்தூரிபாய் அழுதுகொண்டே படி இறங்கினார்.

காந்திக்கு அது போதவில்லை. சிரித்த முகத்தோடு செய்ய வேண்டும் என்று கத்தி, மனைவியின் கையைப் பிடித்து வாசல் கதவு வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார். தெரியாத ஊரில் நான் எங்கே போவேன், உங்களுக்கு வெட்கமாக இல்லையா என்று கஸ்தூரிபாய் கேட்ட பிறகுதான் அவருக்குப் புத்தி வந்தது. இந்தச் சம்பவத்தை மறைக்காமல் தன் சுயசரிதையான சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். சமத்துவம் பேசிய அதே வீட்டில், அதன் பாரம் முதலில் மனைவி தலையில்தான் இறங்கியது.

தமிழர்களுக்கு மட்டும் தனித் தட்டி

1901 கடைசியில் கல்கத்தாவில் காங்கிரஸ் மாநாடு. அங்கே போன காந்தி பார்த்த ஒரு காட்சி நமக்கு முக்கியமானது. தமிழ்ப் பிரதிநிதிகள் சாப்பிடுவதை மற்றவர்கள் பார்த்தாலே தீட்டு என்பதால், கல்லூரி வளாகத்திற்குள் அவர்களுக்கு மட்டும் தட்டி கட்டித் தனிச் சமையலறை அமைத்திருந்தார்கள். சமைப்பது, சாப்பிடுவது, கழுவுவது எல்லாம் அந்த ஒரே அடைப்புக்குள். உள்ளே மூச்சுமுட்டும் புகை. நாட்டுக்காகக் கூடியவர்களின் நிலையே இதுவென்றால் ஊர்களில் எப்படி இருக்கும் என்று காந்தி யோசித்தார்.

அதே மாநாட்டில் கழிவறைகள் நாறிக் கிடந்தன. அது துப்புரவாளர் வேலை என்று தொண்டர்கள் ஒதுங்க, காந்தி ஒரு துடைப்பத்தைக் கேட்டு வாங்கித் தான் பயன்படுத்த வேண்டிய இடத்தைத் தானே சுத்தம் செய்துகொண்டார்.

டால்ஸ்டாய் பண்ணையின் விதி

மறுபடி தென்னாப்பிரிக்கா. 1910-ல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தூரத்தில், நண்பர் காலன்பாக் கொடுத்த 1,100 ஏக்கர் நிலத்தில் டால்ஸ்டாய் பண்ணை தொடங்கியது. சத்தியாக்கிரகத்தில் சிறை போனவர்களின் குடும்பங்கள் தங்கும் இடம் அது. குஜராத்திகள், தமிழர்கள், தெலுங்கர்கள், வட இந்தியர்கள் என எல்லோரும் இருந்தார்கள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி என்ற கலவை வேறு.

சமையலறை ஒன்றே ஒன்று. சோறு, பருப்பு, காய்கறி, ரொட்டி எல்லாம் ஒரே தடவையில் பரிமாறப்படும். சாப்பிடச் சிறைக் கைதிகளுக்குக் கொடுப்பது மாதிரி ஒரு கிண்ணம். மரக் கரண்டிகளைப் பண்ணையிலேயே செய்துகொண்டார்கள். அவரவர் சாப்பிட்டதை அவரவர் கழுவணும். பொதுவான பெரிய பாத்திரங்களைக் குழு குழுவாக முறை வைத்துத் தேய்க்கணும்.

கல்கத்தாவில் தட்டிக்குள் ஒளிந்து சாப்பிட்டதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. ஒன்பதே வருட இடைவெளி. இங்கே தமிழர்களும் மற்றவர்களோடு ஒரே பந்தியில் சாப்பிட்டு, எழுந்துபோய்த் தங்கள் கிண்ணத்தைக் கழுவினார்கள்.

சிதார் வாசிக்க, பாத்திரம் தேய்க்க!

1915-ல் இந்தியா திரும்பிய காந்தி, ரவீந்திரநாத் தாகூரின் சாந்திநிகேதனுக்குப் போனார். அங்கே சம்பளச் சமையல்காரர்கள் இருந்தார்கள். நீங்களே சமைத்து நீங்களே கழுவினால் என்ன என்று ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் கேட்டார். தாகூரும் சம்மதிக்க, மார்ச் 10-ம் தேதி அந்தச் சோதனை தொடங்கியது. 125 மாணவர்கள் ஆசிரியர்களோடு காய் நறுக்கினார்கள், தானியம் புடைத்தார்கள்.

இதில் பெரிய பாத்திரங்களைத் தேய்க்கும் பொறுப்பை ஏற்றவர் பியர்சன் என்ற ஆங்கிலேய ஆசிரியர். தேய்ப்பவர்களுக்கு அலுப்புத் தெரியாமல் இருக்க மாணவர்கள் சிலர் பக்கத்தில் உட்கார்ந்து சிதார் வாசித்தார்கள். நாம் இன்றைக்குப் போனில் பாட்டு போட்டுவிட்டுப் பாத்திரம் தேய்க்கிறோம் இல்லையா, அது மாதிரிதான்.

சோதனை கொஞ்ச நாளில் நின்றுபோனது. ஆனால் மார்ச் 10-ம் தேதியை சாந்திநிகேதனில் காந்தி நினைவு நாளாகக் கொண்டாடி, பணியாளர்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு மற்றவர்கள் வேலைகளைச் செய்யும் வழக்கம் உருவானது.

ஒரு குடும்பம் வந்தது, பணம் நின்றது

அதே 1915-ல் அகமதாபாத் அருகே கோச்ரப்பில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். சில மாதங்களில் தூதாபாய், அவர் மனைவி தானிபென், குழந்தை லட்சுமி என்ற தாழ்த்தப்பட்ட குடும்பம் அங்கே சேர்ந்தது. உடனே நன்கொடை நின்றது. கிணற்றில் தண்ணீர் இறைப்பதிலும் தகராறு. ஆசிரமத்து வாளியிலிருந்து தெறிக்கும் சொட்டு தன்மேல் பட்டால் தீட்டு என்று இறைப்பவர் திட்டினார்.

ஆசிரமத்துக்குள்ளேயும் புகைச்சல் இருந்தது. கஸ்தூரிபாய்க்கே ஆரம்பத்தில் இது பிடிக்கவில்லை. கையில் காசு தீர்ந்துபோனால் தாழ்த்தப்பட்டவர்கள் வாழும் பகுதிக்கே குடிபோகலாம் என்று காந்தி முடிவு செய்திருந்த நேரத்தில், ஒரு பணக்காரர் காரில் வந்து 13,000 ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார். ஆசிரமம் தப்பியது, அந்தக் குடும்பமும் அங்கேயே இருந்தது.

சேரன்மாதேவியில் கிடைக்காத பதில்

இதையெல்லாம் படிச்சுட்டு, காந்தி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி உறுதியாக நின்றார்னு நினைச்சிடக் கூடாது. நம்ம பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கு. வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில், பிராமணச் சிறுவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு போடப்பட்டது. பொதுப்பணத்தில் நடக்கும் இடத்தில் இது எப்படிச் சரி என்று வரதராஜுலு நாயுடு, பெரியார் ஆகியோர் எதிர்த்தார்கள்.

1925-ல் விவகாரம் காந்தியிடம் போனது. ஏற்கெனவே வாக்குக் கொடுத்துச் சேர்த்த அந்த இரண்டு சிறுவர்களையும் விட்டுவிடலாம், இனிமேல் சேருபவர்கள் எல்லோருடனும் சேர்ந்துதான் சாப்பிட வேண்டும் என்பது அவர் சொன்ன சமரசம். எதிர்த்தவர்களுக்கு இது போதவில்லை. தன் ஆசிரமத்தில் கறாராக இருந்தவர் ஊர் விவகாரத்தில் ஏன் இறங்கிப் போனார் என்ற கேள்வி இன்றைக்கும் விவாதத்தில் இருக்கிறது.

ஒன்பது வருடம் கழித்து, அதே பழைய திருநெல்வேலி மாவட்டத்துக்குள் இருந்த குற்றாலத்தில் அவர் சமரசம் எதுவும் செய்யவில்லை. 1933 நவம்பரில் வார்தாவில் தொடங்கி ஒன்பது மாதங்களில் சுமார் 12,500 மைல் போன தீண்டாமை ஒழிப்புப் பயணத்தின் நடுவில்தான் அவர் இங்கே வந்தார். ஆசிரமத்தில் எல்லோருக்கும் ஒரே கிணறு, ஒரே சமையலறை, அவரவர் தட்டு அவரவர் கையில் என்று வாழ்ந்தவருக்கு, ஆள் பார்த்து அனுமதிக்கும் அருவி ஒத்துவரவில்லை.

டம்ளரை நீயே கழுவு: ரெண்டு அர்த்தம்!

இங்கே ஒரு முக்கியமான விஷயத்தைக் கவனிக்கணும். தன் பாத்திரத்தைத் தானே கழுவுவது எல்லா இடத்திலும் சமத்துவம் ஆகிவிடாது.

தமிழ்நாட்டு டீக்கடைகளில் இரட்டைக் குவளை முறை இருந்தது நமக்குத் தெரியும். தாழ்த்தப்பட்டவர்களுக்குத் தனி டம்ளர், சில ஊர்களில் சிரட்டை. குடித்து முடித்ததும் அந்த டம்ளரை அவர்களே கழுவி வைக்க வேண்டும். மற்றவர்கள் குடித்ததைக் கடைக்காரர் கழுவுவார். ஆசிரமத்திலும் தானே கழுவணும், டீக்கடையிலும் தானே கழுவணும். அப்படின்னா என்ன வித்தியாசம்?

ஆசிரமத்தில் எல்லோரும் கழுவினார்கள். டீக்கடையில் ஒரு சாதியை மட்டும் கழுவ வைத்தார்கள். எல்லோருக்கும் என்றால் அது மரியாதை, ஒருத்தருக்கு மட்டும் என்றால் அது அவமானம்.

சட்டம் என்ன சொல்லுது?

காந்தி குற்றாலம் வந்துபோன நான்கு வருடம் கழித்து, 1938-ல் எம்.சி. ராஜா கொண்டுவந்த சமூகத் தடை நீக்கச் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. பொது நீர்நிலைகளில் தாழ்த்தப்பட்டவர்களைத் தடுப்பதற்கு எதிரான சட்டம் அது. 1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17-வது பிரிவு தீண்டாமையையே ஒழித்தது. 15-வது பிரிவு கடைகள், உணவகங்கள், கிணறுகள், குளங்கள், குளிக்கும் துறைகள் எல்லாவற்றையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இன்று குற்றாலத்தில் யார் பக்கத்தில் யார் நின்று குளிக்கிறோம் என்று கேட்காமல் நிற்கிறோமே, அதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கு.

1.8 மில்லியன் டாலருக்குப் போன தட்டு

காந்தி 1948 ஜனவரி 30-ம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் விட்டுச்சென்ற பொருட்கள் ரொம்பக் குறைவு. 2009 மார்ச்சில் நியூயார்க்கில் அவருடைய கண்ணாடி, செருப்பு, பாக்கெட் கடிகாரம், கிண்ணம், தட்டு ஆகியவை ஏலத்துக்கு வந்தபோது, தொழிலதிபர் விஜய் மல்லையா அவற்றை 1.8 மில்லியன் டாலருக்கு எடுத்தார்.

தட்டுக்கு விலை வைத்துவிட்டோம். அந்தப் பழக்கம் என்ன ஆச்சு? நம்ம வீட்டு சிங்கில் கிடக்கும் பாத்திரங்களை முக்கால்வாசி நேரம் அம்மாவோ மனைவியோதான் தேய்க்கிறாங்க. இல்லைன்னா வேலைக்கு வரும் அக்கா. வீட்டில் இருக்கும் அத்தனை பேரின் எச்சில் தட்டையும் கழுவி வைக்கும் அந்த அக்காவுக்கு, டீ கொடுக்கத் தனி டம்ளர் எடுத்து வைத்திருக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. நம்ம வீட்டிலும் அப்படி ஒரு டம்ளர் இருக்கான்னு சமையலறைக்குள் போய் ஒரு தடவை பார்த்துடுங்க.