கோணமலைக்குக் கல்வி விளக்கேற்றிய விபுலானந்த அடிகளார்

பெரியோர் சிலர் தாம் பிறந்த ஊருக்கே பெருமை தருவர். வேறு சிலரோ தாம் சென்று தங்கிய ஊர்களையெல்லாம் தம் ஊராக்கிக் கொள்வர். சுவாமி விபுலானந்தர் இரண்டாம் வகையினர். அவர் பிறந்தது காரைதீவில். அடங்கியிருப்பது கல்லடி உப்போடையில். ஆயினும் திருகோணமலை மக்களாகிய நாம் அவரை நம்மவர் என்று உரிமை பாராட்டுகிறோம். அவ்வுரிமை எவ்வாறு வந்தது என்பதை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

1892 ஆம் ஆண்டு மார்ச் 27 ஆம் நாள், சாமித்தம்பி விதானையாருக்கும் கண்ணம்மையாருக்கும் மைந்தராக அடிகளார் தோன்றினார். மயில்வாகனம் என்பது பிள்ளைப் பெயர். கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும், பின்னர் மட்டக்களப்பு அர்ச். மைக்கேல் கல்லூரியிலும் பயின்றார். 1908 இல், பதினாறே வயதில், கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறினார். கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். விஞ்ஞானத்தில் டிப்ளோமாப் பெற்றார். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதரானார். லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தையும் அடைந்தார். யாழ்ப்பாணம் அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தவர், 1920 இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார்.

அன்றைய நிலையில் ஒரு தமிழ் இளைஞன் விரும்பக்கூடிய யாவும் அவர் கைக்கு எட்டியிருந்தன. உயர்ந்த பட்டம், நல்ல சம்பளம், ஊரார் மதிப்பு ஆகியவற்றுக்குக் குறைவில்லை. இனி மணம் முடித்துக் குடும்பம் நடத்த வேண்டியதுதான் என்று உற்றார் எண்ணியிருப்பர். அவரோ 1922 இல் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தின் வாயிலில் போய் நின்றார். இரண்டாண்டுகள் பிரபோத சைதன்யர் என்னும் பெயருடன் பிரமசரிய நெறியில் இருந்தார். 1924 ஆம் ஆண்டு சித்திரைப் பூரணையன்று சுவாமி சிவானந்தர் அவருக்குச் சந்நியாசம் அளித்து விபுலானந்தர் ஆக்கினார்.

வீட்டைத் துறந்தவர் குடும்பத்தைத் துறந்தவர் ஆவாரோ? இக்கேள்விக்கு அவருடைய பின்னாள் வாழ்க்கையே விடையாகும்.

1925 இல் தாயகம் திரும்பிய அடிகளார், இராமகிருஷ்ண சங்கத்தின் பாடசாலைகளைப் பொறுப்பேற்றார். அவ்வாண்டிலேயே நம் ஊர் இந்துக் கல்லூரி சங்கத்தின் பராமரிப்பில் வந்தது. அடிகளார் அதன் முகாமையாளராகவும், சில காலம் அதிபராகவும் இருந்து அதனை வளர்த்தார்.

அந்நாளைய திருகோணமலையை நாம் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும். துறைமுகம் பிரித்தானியக் கடற்படையின் கையில் இருந்தது. சுவாமி மலையில் கோயில் இல்லை. பறங்கியர் இடித்த இடத்தில் வெறும் பாறையின் மீதே பூசை நடந்து வந்தது. துறைமுகத்திலோ கந்தோரிலோ உத்தியோகம் வேண்டுமானால் ஆங்கிலம் வேண்டும். ஆங்கிலக் கல்வியோ பெரும்பாலும் மிஷனரிமாரிடம் இருந்தது. பிள்ளைக்கு உத்தியோகமா, பிதிரார்ச்சிதமான சமயமா என்று பெற்றோர் தடுமாறிய காலம் அது.

அடிகளார் அத்தடுமாற்றத்தைத் தீர்த்த முறை நம் கவனத்துக்குரியது. அவர் மிஷன் கல்லூரிகளில் கற்றவர், அங்கே கற்பித்தவர். ஆகவே எவரையும் பகைக்கவில்லை. அங்கே கிடைத்த ஆங்கிலமும் விஞ்ஞானமும் தேவாரமும் தமிழும் ஓதும் மண்டபத்திலும் கிடைக்க வேண்டும் என்றே உழைத்தார். கணிதமும் பௌதிகமும் கற்ற ஒருவர் காவியுடையில் வந்து நின்றபோது, கல்வி வேறு சமயம் வேறு என்ற மயக்கம் தானே அகன்றது.

1929 இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவித் தம் குருவின் பெயரை அதற்குச் சூட்டினார். பெண்கள் கற்கக் காரைதீவில் சாரதா வித்தியாலயம் எழுந்தது. தாய் தந்தையரை இழந்த பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகளும் மாணவர் இல்லங்களில் உணவும் உடையும் கல்வியும் பெற்றனர். மணம் செய்யாத அவரைத் தந்தையாகக் கொண்ட பிள்ளைகள் எத்தனை பேர்! ஒரு வீட்டைத் துறந்தவருக்குப் பல வீடுகள் அமைந்தன.

1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. அங்கும் மாலை வேளைகளில் அயலிலிருந்த சேரிக்குச் சென்று சிறுவர்க்கு எழுத்தறிவித்தார். பல்கலைக்கழகப் பேராசிரியருக்கும் அரிச்சுவடி ஆசிரியருக்கும் அவரிடத்தில் வேற்றுமை இருக்கவில்லை. 1936 இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, விஞ்ஞானத்தைத் தமிழில் கற்க வழி வகுத்தார். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார்.

சிலப்பதிகாரத்தின் இசைக் குறிப்புகளைக் கணித அறிவு கொண்டு ஆராய்ந்து, மறைந்துபோன யாழை மீட்டுத் தந்த யாழ் நூல் அவருடைய பல்லாண்டுத் தவத்தின் பயன். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் 1947 ஜூன் 5, 6 ஆம் நாள்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அது அரங்கேறியது. உடல் நலிவுற்ற நிலையிலும் அவர் அதனைக் கண்டு மகிழ்ந்தார். ஆறு வாரங்கள் கழித்து, ஜூலை 19 ஆம் நாள், கொழும்பில் இறைவனடி சேர்ந்தார். சிவானந்த வித்தியாலய வளவிலேயே அவருடைய சமாதி அமைந்துள்ளது.

எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகள் அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தன. எனவே பாடசாலை கட்டும் பாரம் இன்று நம் தலையில் இல்லை. ஆனால் நீண்ட போரும், 2004 டிசம்பர் 26 இல் எழுந்த ஆழிப்பேரலையும் நம் கரையோரக் கிராமங்களில் எத்தனையோ வீடுகளைத் தந்தையற்ற வீடுகளாக்கின. அவ்வீட்டுப் பிள்ளைகளின் புத்தகத்தைத் திறந்து பார்க்க மாலையில் ஒருவர் வேண்டும்.

இளைஞர்களே, நீங்கள் துறவு பூண வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் இருந்தபடியே அயல்வீட்டுப் பிள்ளைக்கு வாரத்தில் இரண்டு மாலை கணிதம் சொல்லிக் கொடுத்தல் போதும். பெரியோர்களே, அதற்கொரு திண்ணையும் ஒரு விளக்கும் நீங்கள் தந்துதவுங்கள். அடிகளாரின் படத்துக்கு மாலை சூட்டுவதோடு நாம் நின்றுவிடாமல், அவர் விட்டுச் சென்ற குடும்பத்தையும் பேணுவோமாக.