சதுரங்க வீரர் சுல்தான் கான்

வள்ளியூர் போன்ற சிற்றூர்களிலே பிறந்து, அறிவொன்றையே முதலாகக் கொண்டு முன்னேற விழையும் வாலிபர்கள் மீர் சுல்தான் கானின் சரிதத்தை அவசியம் அறிதல் வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பஞ்சாப் மாகாணத்து மிட்டா திவானா என்னும் கிராமத்தில் அவர் பிறந்தார். அவ்வூர் இன்று பாகிஸ்தானைச் சேர்ந்தது. சிறு பிராயத்திலேயே தந்தையாரிடம் நம் நாட்டுச் சதுரங்கத்தைக் கற்றார். அம்முறையில் காலாள் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டமே செல்லும். வேறு சில விதிகளும் ஐரோப்பிய ஆட்டத்தினின்று மாறுபட்டவை. பெருநிலக்கிழாரான சர் உமர் ஹயாத் கான் அவரது திறமையைக் கண்டு, தம் ஆதரவில் வைத்து, ஐரோப்பிய முறையைப் பயிற்றுவித்தார். 1928-இல் அகில இந்தியப் பந்தயத்தில் வென்ற அவர், மறு ஆண்டு அப்பிரபுவுடன் லண்டன் சென்றார். அவ்வாண்டே ராம்ஸ்கேட் நகரில் பிரிட்டிஷ் சாம்பியன் பட்டத்தையும் கைக்கொண்டார். ஆளும் தேசத்தின் பட்டத்தை ஆளப்படும் தேசத்தவர் ஒருவர் வெல்வது சாமானியமான காரியமோ?

1930-ஆம் ஆண்டின் இறுதியில் ஹேஸ்டிங்ஸ் நகரில் தொடங்கிய பந்தயத்தில் அவர் கியூபா தேசத்துக் கபபிளாங்காவைச் சந்தித்தார். 1921 முதல் 1927 வரை உலக சாம்பியனாக விளங்கிய கபபிளாங்காவுக்குத் தோல்வியென்பதே அபூர்வம். ஆட்டக்காரரை எண்களால் தரம் பிரிக்கும் இன்றைய வழக்கம் அக்காலத்தில் இல்லை. ஆயினும் இருவருள் எவர் பெரியவர் என்பதில் யாருக்கும் ஐயமிருக்கவில்லை. சுல்தான் கானோ ஐரோப்பிய முறையைச் சில ஆண்டுகளே பயின்றவர். அவர் தம் ராணியைக் கொடுத்து, எதிரியின் கோட்டைகள் இரண்டையும் கவர்ந்தார். பின்னர் சிறிதும் அவசரப்படாது, படிப்படியாக நெருக்கி, 65-ஆம் நகர்த்தலில் வெற்றி கண்டார். அப்பந்தயத்தில் அவருக்கு மூன்றாம் ஸ்தானம் கிடைத்தது.

1932, 1933-ஆம் ஆண்டுகளில் மீண்டும் பிரிட்டிஷ் சாம்பியனானார். உலக நாடுகளின் போட்டிகளில் இங்கிலாந்து அணியின் முதற் பலகையில் அமர்ந்தவரும் அவரே. 1933 டிசம்பரில் பிரபுவுடன் அவரும் தாயகம் திரும்பினார். அத்துடன் ஐந்தாண்டுக்கும் குறைவான அவரது சர்வதேச ஆட்ட வாழ்வு முற்றுப்பெற்றது. 1950-இல் சர்வதேசச் சம்மேளனம் கிராண்ட் மாஸ்டர் பட்டங்களை வழங்கத் தொடங்கியபோது, அவரை எவரும் நினைக்கவில்லை. 1966-இல் சர்கோதாவில் காலமானார். அவருக்குக் கௌரவப் பட்டம் அளிக்கப்பெற்றது 2024-ஆம் ஆண்டிலேதான்.

ஒரு பிரபுவின் ஆதரவினால் மலர்ந்த மேதை, அவர் திரும்பிய அன்றே களத்தை விட்டு நீங்கினார். திறமையைத் தனியொருவர் தயவுக்கு விட்டுவிடுதல் ஒரு தேசத்துக்கு அழகன்று. நம் ஊர்ப் பள்ளிகளும் வாசகசாலைகளும் சங்கங்களும் அக்கடமையை மேற்கொள்ளுமாக!