சார்ல்ஸ் டார்வினும் பவழத் தீவுகளும்

சார்ல்ஸ் டார்வின் என்னும் பெயரைக் கேட்டவுடன், உயிர்வகைகளின் தோற்றத்தைப் பற்றி 1859-ம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலே பலர்க்கும் நினைவுக்கு வரும். அதற்குப் பதினேழாண்டுகட்கு முன்னரே அவர் பவழப் பாறைகளைப் பற்றி ஒரு நூல் இயற்றினார் என்பதை மாணவருட் சிலரே அறிவர். அவர் வாழ்க்கையின் அப்பகுதியை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

டார்வின் 1809-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 12-ந் தேதி இங்கிலாந்திலுள்ள ஷ்ரூஸ்பரி நகரிற் பிறந்தார். வைத்தியராகிய தந்தையார் மகனையும் வைத்தியராக்க விரும்பி எடின்பரோவுக்கு அனுப்பினார். இரண சிகிச்சையைக் கண்கொண்டு காணவும் மனம் பொறாத டார்வின் இரண்டாண்டுகளில் அப்படிப்பை விட்டார். பின்னர்க் கேம்பிரிட்ஜிற் பயின்றபொழுது, தாவர சாஸ்திரப் பேராசிரியர் ஹென்ஸ்லோவின் நட்பு வாய்த்தது. அவருடைய சிபாரிசினால், பீகிள் என்னும் அரசாங்கக் கப்பலில் இயற்கை ஆராய்ச்சியாளராகச் செல்லும் சந்தர்ப்பம் கிடைத்தது. அவ்வேலைக்குச் சம்பளமில்லை. தந்தையார் முதலில் மறுத்தாராயினும், டார்வினுடைய தாய்மாமனார் எடுத்துரைத்தபின் இசைந்து பொருளும் உதவினார். 1831 டிசம்பர் 27-ந் தேதி புறப்பட்ட கப்பல் 1836 அக்டோபர் 2-ந் தேதி தாயகம் மீண்டது.

பவழத்தை உண்டாக்கும் சிற்றுயிர்கள் ஆழமற்ற வெந்நாட்டுக் கடல்களிலேயே வாழ்வன. ஆயினும் பவழத் தீவுகளோ ஆழங்காணாக் கடலின் நடுவே வளையம்போல் எழுந்து நிற்கின்றன. இஃது எங்ஙனம் நிகழ்ந்தது? கடலில் மூழ்கிய எரிமலைகளின் வாய்விளிம்புகளிலே பவழம் வளர்ந்து அவ்வடிவம் பெற்றது என்று புவியியலறிஞர் லையல் கருதினார். டார்வினுக்கு அது பொருத்தமாகத் தோன்றவில்லை. 1835 பிப்ரவரியிற் சிலி நாட்டில் நேர்ந்த பூகம்பத்தால் கடற்கரை நிலம் சில அடி உயர்ந்ததை அவர் கண்டிருந்தார். ஓரிடத்தில் நிலம் உயருமாயின் பிறிதோரிடத்தில் தாழவும் கூடுமன்றோ? உண்மையான பவழப் பாறை ஒன்றையேனும் காணுமுன்னரே அவர் உள்ளத்தில் இக்கருத்து உருவாயிற்று.

1836 ஏப்ரல் மாதம் இந்து மகாசமுத்திரத்திலுள்ள கீலிங் தீவுகளிற் பன்னிரண்டு நாள் தங்கி அதனைச் சோதித்தார். கடலுள் மூழ்கி ஆராய்தற்கேற்ற கருவி அவர்பால் இல்லை. கப்பல் தலைவர் ஃபிட்ஸ்ராய், அடியில் கொழுப்புப் பூசிய ஈயக்குண்டைக் கயிற்றிற் கட்டிப் பலவிடங்களிலும் இறக்குவித்தார். பத்துப் பாகத்துக்குட்பட்ட ஆழத்தில் கொழுப்பின்மீது உயிருள்ள பவழத்தின் அச்சுப் பதிந்து வந்தது. ஆழம் மிகமிக அச்சுக் குறைந்து மணல் மிகுந்தது. முடிவில் மணலே ஒட்டி வந்தது. கரைக்கு 2,200 கஜ தூரத்திலோ 7,200 அடிக் கயிறு விட்டும் தரை தட்டவில்லை. ஆகவே, மேலே வாழும் பவழம் அத்துணை ஆழத்திலிருந்து தானே எழும்பியிருத்தல் இயலாது என்பது தெளிவாயிற்று.

டார்வின் கண்ட முடிபு இது: ஒரு தீவைச் சுற்றிக் கரையோரமாகப் பவழம் வளர்கின்றது. தீவு மெல்ல மெல்லத் தாழ்கின்றது. தாழுந்தோறும் பவழம் ஒளியை நாடி மேனோக்கி வளர்கின்றது. நடுநிலத்துக்கும் பாறைக்கும் இடையே கடல் புகுகின்றது. இறுதியில் நிலம் முற்றும் மறைய, பவழ வளையம் மட்டும் எஞ்சுகின்றது. 1837-ல் இதனைக் கேட்ட லையல், தம் கொள்கையை மகிழ்ச்சியுடன் கைவிட்டார்.

1842-ல் வெளிவந்த நூலில் டார்வின் தாம் கண்டவற்றை மட்டும் எழுதவில்லை. மாலுமிகள் வரைந்த கடற்படங்களையும் பிரயாணிகளின் குறிப்புக்களையும் ஒப்பிட்டு, உலகப் பவழப் பாறைகளை நிறம் தீட்டிய படமாக்கினார். மடகாஸ்கர்க் கரையில் டாக்டர் ஆலன் என்பார் பவழத் துண்டுகளை நிறுத்து நீருள் வைத்து, சில மாதங்கட்குப்பின் அவற்றின் வளர்ச்சியைக் கண்ட சோதனையையும் எடுத்தாண்டார். கூலி கருதாது உற்று நோக்கிய பலருடைய உழைப்பு அந்நூலுக்கு உறுதுணையாயிற்று.

பிற்காலத்தில் மறுப்புக்கள் எழுந்தன. பசிபிக் தீவொன்றில் ஆழத் துளைத்துப் பார்க்கச் செல்வர் எவரேனும் முன்வரவேண்டுமென்று டார்வின் 1881-ல் விரும்பினார். மறுவருஷம் ஏப்ரல் 19-ந் தேதி அவர் காலஞ்சென்றார். 1896 முதல் 1898 வரை ஃபுனஃபுட்டித் தீவில் துளைத்தோர் 1,114 அடி சென்றும் பவழச் சுண்ணத்தையே கண்டனர். 1952-ல் எனிவெடாக் தீவிலே, நாலாயிரம் அடிக்குக் கீழ் எரிமலைப் பாறை தட்டுப்பட்டது. டார்வின் கருத்து மெய்யாயிற்று.

அவருடைய கொள்கையில் அச்சந்தரும் பொருளொன்றும் அடங்கியுள்ளது. அடிநிலம் மறைந்துபோன தீவை நீருக்குமேல் தாங்குவது பவழத்தின் உயிரே. அஃது இறப்பின் தீவும் நிலையாது. கடல்நீர் சில வாரங்கள் வழக்கத்தினும் ஓரிரு பாகை மிகுதியாகச் சூடேறினும், பவழத்துக்கு உணவும் நிறமும் தரும் நுண்பாசிகள் நீங்க, அது வெளுக்கின்றது. சூடு நீடித்தால் மடிகின்றது. 1998-ல் உலகெங்கும் பவழம் இவ்வாறு வெளுத்தது. 2023-ல் தொடங்கியது அத்தகைய நான்காம் நிகழ்ச்சியாகும். கடல்மட்டமோ உயர்ந்து வருகின்றது. அன்று துளையிட்ட ஃபுனஃபுட்டி இன்று துவாலு நாட்டின் தலைநகரம். அங்கு வாழ்வோர்க்கு வேறு நிலம் யாது?

இந்நாளில் ஆராய்ச்சியாளர் மட்டுமே கடலடி முழுவதையும் கண்காணித்தல் இயலாது. ஆதலின், 1996-ல் தோன்றிய ரீஃப் செக் என்னும் சங்கத்தின் தொண்டர்கள் பயிற்சி பெற்று, சுவாசக் கருவியணிந்து மூழ்குகின்றனர். பாறைமேல் நூறு மீட்டர் அளவுநாடாவை விரித்து, குறித்த இடைவெளிதோறும் இருப்பது உயிர்ப்பவழமா, இறந்ததா, மணலா என்று எழுதுகின்றனர். ஆஸ்திரேலியாவிலே குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தார் 2002-ல் தொடங்கிய கோரல் வாட்ச் என்னும் திட்டத்தில், நிற அட்டையைப் பவழத்தருகே பிடித்து வெளுப்பின் அளவைக் குறிக்கின்றனர். கொழுப்புப் பூசிய ஈயக்குண்டு செய்த வேலையையே இவர்களுடைய கண்ணும் கையும் செய்கின்றன. கணக்கெடுத்தலால் மட்டும் கடல் குளிராது என்பது உண்மையே. ஆயினும், எங்கு எவ்வளவு அழிந்தது, எது மீண்டும் தளிர்த்தது என்று அறியாமல் எதனையும் காத்தல் அரிது.

மாணவ நண்பர்களே! டார்வின் அக்கப்பலில் ஏறியபோது அவருக்கு வயது இருபத்திரண்டு. உங்களிற் பலருக்கு ஏறக்குறைய அவ்வயதே. கண்டதைக் கண்டவாறு எழுதுதலும், பிறர் எழுதியதைப் பொறுமையுடன் ஒப்பிடுதலுமே அவருடைய பெருமைக்கு வித்தாயின. அவ்விரண்டும் நமக்கும் கைகூடுவனவேயாம்.