ஓடைக்கு ஒரே ஒப்பந்தம்: ஹியூ பென்னட்

விவசாயிகளே, உங்கள் சரிவு நிலத்தில் ஓர் அடி தோண்டிப் பாருங்கள். பக்கத்தில் உழவே படாத மரத்தடியிலும் தோண்டி, இரண்டு மண்ணையும் ஒப்பிடுங்கள். 1905-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இளம் மண் ஆய்வாளர் ஹியூ பென்னட் இப்படித்தான் பார்த்தார். காட்டு மண் ஈரமாக, பொலபொலவென்று இருந்தது. அடுத்த உழவு நிலம் இறுகிய களி. மழை மேல்மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக வழித்துக்கொண்டு போயிருந்தது.

1881-ல் வட கரோலினாவில் பருத்தி விவசாயி வீட்டில் பிறந்தவர் அவர். இதையே பல ஆண்டுகள் சொல்லிவந்தார். 1933-ல்தான் மண் அரிப்புத் தடுப்புப் பணி அவர் பொறுப்பில் வந்தது.

முதலில் எடுத்துக்கொண்டது விஸ்கான்சின் மாநிலத்துக் கூன் ஓடையின் நீர்ப்பிடிப்புப் பகுதி. அங்கே மேலிருந்து கீழாக உழுதார்கள். மலைச்சரிவுக் காட்டில் மாடு மேய்ந்தது. மேட்டுக்காரர் மண் பள்ளத்துக்காரர் வயலை மூடியது. ஒருவர் மட்டும் வரப்புப் போட்டால் போதுமா? நூற்றுக்கணக்கான விவசாயிகள் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். வேலிக்கம்பி, சுண்ணாம்பு, விதை, வேலையாள் எல்லாம் அரசு கொடுத்தது. (சும்மா கொடுக்காமல் நிபந்தனை வைத்தது நல்லதுதான்.) விவசாயிகள் சரிவுக்குக் குறுக்கே உழுது, மக்காச்சோளம், ஓட்ஸ், குதிரை மசால் என்று பட்டை பட்டையாக விதைத்தார்கள். மக்காச்சோளப் பட்டையில் கரையும் மண்ணைக் கீழேயுள்ள குதிரை மசால் பிடித்துக்கொண்டது. செங்குத்துச் சரிவில் மாடு நுழையாமல் வேலி போட்டார்கள்.

1935-ல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1960-ல் பென்னட் காலமானார். பிற்காலத்தில் கூன் ஓடையில் வண்டல் வெகுவாகக் குறைந்தது; குளிர்ந்த தெளிநீரில் வாழும் டிரவுட் மீன்கள் திரும்பி வந்தன.