53 நாள்கள் உறைந்திருந்த கரு

கம்பத்தில் எங்கள் தெருமுனை மருந்துக் கடையில் சென்ற மாதம் ஓர் இளம் தம்பதியைக் கண்டேன். விடியற்காலையில் ஜீப்பில் ஏறி, மலைமேல் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்பவர்கள். கரு கலையாமலிருக்க மருத்துவர் எழுதித்தந்த புரோஜெஸ்டிரான் மாத்திரைகளுக்காகக் கசங்கிய நோட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார் கணவர்.

இம்மருந்து எல்லோருக்கும் பயன்படுவதன்று. பிரிட்டனில் 4,153 பெண்களிடம் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வில், தொடக்க வாரங்களில் உதிரப்போக்கு கண்டவர்களை ஒருசேரப் பார்த்தபோது பலன் உறுதிப்படவில்லை. முன்பே கருச்சிதைவுக்கு ஆளானவர்களிடம் மட்டுமே பலன் தென்பட்டது. ஹார்மோனைக் கொடுப்பது எளிது. எவருக்கு, எப்போது கொடுப்பது என்பதே கடினம். இக்கேள்வியை இந்தியாவில் மிக முன்னதாகவே ஆழ்ந்து நோக்கியவர் கல்கத்தா மருத்துவர் சுபாஷ் முகர்ஜி.

1931இல் ஹசாரிபாக்கில் பிறந்தவர். மருத்துவம் பயின்று, கல்கத்தாவில் 1958இலும் எடின்பரோவில் 1967இலும் இரண்டு முனைவர் பட்டங்கள் பெற்றார். இரண்டாவது, இனப்பெருக்க ஹார்மோன்கள் பற்றியது. வெளிநாட்டிலேயே தங்கிவிடாமல் நாடு திரும்பி அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஆசிரியராக இருந்தார்.

அக்காலத்தில் இங்கிலாந்தின் எட்வர்ட்ஸும் ஸ்டெப்டோவும் ஒரு சிக்கலில் தவித்தனர். ஹார்மோன் ஊசியால் பல சினைமுட்டைகளை முதிரச் செய்யலாம். ஆனால், அதே ஊசி மாதச் சுழற்சியின் பின்பாதியைக் குலைத்துவிடும். கருப்பை கருவைத் தாங்காது. அதைச் சரிசெய்யக் கொடுத்த வேறு ஹார்மோனும் கைகொடுக்கவில்லை. இறுதியில் ஊசியையே கைவிட்டு, இயற்கையாக முதிர்ந்த ஒற்றை முட்டையைக் கொண்டு 1978 ஜூலை 25இல் வெற்றி கண்டனர்.

முகர்ஜி ஊசியைக் கைவிடவில்லை. பல முட்டைகளை எடுத்து, கருவாக்கி, அக்கருக்களை 53 நாள்கள் உறைநிலையில் வைத்தார். ஊசியின் தாக்கம் நீங்கி, தாயின் உடல் இயற்கைச் சுழற்சிக்குத் திரும்பிய பிறகே கருப்பையில் சேர்த்தார். 1978 அக்டோபர் 3இல், லூயிஸ் பிரவுன் பிறந்து 70 நாள்கள் ஆகும்போது, துர்கா என்று அழைக்கப்பட்ட பெண் குழந்தை பிறந்தது. உறைவித்தலில் உதவியவர் சுனித் முகர்ஜி. மகப்பேறு மருத்துவர் சரோஜ் காந்தி பட்டாச்சாரியா.

ஐயம் எழுந்தது. எழுந்ததில் தவறில்லை, பெற்றோர் விளம்பரத்தை விரும்பவில்லை, சான்றுகளும் பரவலாக வெளியாகியிருக்கவில்லை. ஆனால், மாநில அரசு அமைத்த விசாரணைக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் ஒரு ரேடியோ இயற்பியலாளர்! போடியில் ஏலக்காய்க்குத் தரம் பிரிக்கப் பொற்கொல்லரை அழைப்போமா? குழு அவரது கூற்றை நம்பத்தகாதது என்று தள்ளியது. ஜப்பானில் நடந்த கருத்தரங்கில் பேச அழைப்பு வந்தும் போக அனுமதி கிடைக்கவில்லை. 1981 ஜூனில் அவரைக் கண் மருத்துவ நிறுவனத்துக்கு மாற்றினார்கள். ஹார்மோன் ஆய்வாளருக்கு அங்கே என்ன வேலை என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. அம்மாதம் 19ஆம் தேதி, ஐம்பது வயதில், அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

உறைந்த கருவிலிருந்து ஆஸ்திரேலியாவில் குழந்தை பிறந்தது 1984இல். கருக்களை உறையவைத்து, ஹார்மோன் ஊசியின் தாக்கம் தணிந்தபின் வேறொரு மாதத்தில் கருப்பையில் சேர்ப்பது இன்று உலகெங்கும் வழக்கமாகிவிட்ட முறை. நம் பகுதியிலிருந்து மதுரைக்குச் சிகிச்சைக்குச் செல்லும் தம்பதியரிடமும் இதைக் கேட்கலாம்.

1986இல் மும்பையில் பிறந்த ஹர்ஷாவே இந்தியாவின் முதல் சோதனைக் குழாய் குழந்தை என்று பதிவாகியிருந்தது. அச்சாதனையின் ஆய்வாளர் டி.சி. ஆனந்த் குமார், 1997இல் முகர்ஜியின் கையெழுத்துக் குறிப்புகளைப் படித்தார். படித்ததும், முதலிடம் தமக்குரியதன்று, முகர்ஜிக்கே உரியது என்று ஆய்விதழில் எழுதினார். தமக்குரிய பெருமையைத் தாமே இறக்கிவைத்த அறிவியலாளர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

துர்கா தம் 25ஆம் பிறந்த நாளில், முகர்ஜியின் நினைவாக நடந்த விழாவில் மேடையேறி, தாம் யார் என்பதை முதன்முறையாக வெளியே சொன்னார்.